வகுப்பு வீடியோவை எதில் பகிர்வது? டிரைவ், யூடியூப், வாட்ஸ்அப், டெலிகிராம், டிஆர்எம்: ஓர் ஒப்பீடு

வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஃபீஸ் கட்டினவங்க மட்டும் பார்க்கணும். டிரைவில் போடவா, யூடியூப்பில் அன்லிஸ்டட் போடவா, டெலிகிராம் சேனல் வைக்கவா, இல்ல மாசாமாசம் காசு கட்டி ஒரு ஆப் வாங்கவா?" கேட்பவர்களில் வீணை சொல்லித் தருபவர்கள் உண்டு, டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் விற்பவர்கள் உண்டு, ஆரி வேலை கற்றுத் தருபவர்கள் நிறையவே உண்டு.

நான் ஆரி வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதில் இரண்டு வகைப் பொருள் கைமாறுகிறது. ஒன்று தையல் வீடியோ. ஊசி துணிக்குள் எப்படி இறங்குகிறது, ஃப்ரேமுக்கு அடியில் இருக்கும் கை நூலை எப்படிச் சுற்றிக் கொடுக்கிறது என்று பக்கத்தில் வைத்து எடுத்த காட்சி. இன்னொன்று டிசைன் ஷீட். பிளவுஸ் கழுத்துக்கும் கைக்கும் சரியான அளவில் வரைந்த பிடிஎஃப். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷீட்டை அச்செடுத்தே ஆக வேண்டும், ஊசியால் துளை போட்டுப் பவுடர் தேய்த்தால்தான் டிசைன் துணிக்கு இறங்கும். இந்த இரண்டுக்கும் ஒரே பூட்டு பொருந்தாது. பலர் ஒரே இடத்தில் இரண்டையும் போட்டுவிட்டு, ஒன்று கசிகிறது என்றும் மற்றொன்று மாணவிகளுக்குத் திறக்கவில்லை என்றும் தவிக்கிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் எதையும் பக்கத்தில் இன்னொரு ஃபோனை வைத்துப் படம் பிடிக்கலாம். எந்த நிறுவனம் என்ன உறுதி கொடுத்தாலும் இது மாறாது. ஆகவே "கசியவே கூடாது" என்று தேடினால் காசுதான் போகும். "யார் எளிதில் கசியவிட முடியும், கசிந்தால் எனக்குத் தெரியுமா" என்று தேடினால் வழி கிடைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

யாரைச் சோதிக்கிறது? லிங்க் யாரையும் சோதிப்பதில்லை, கையில் வைத்திருப்பவருக்குத் திறக்கும். பாஸ்வேர்டு, அந்தச் சொல் தெரிந்தவருக்குத் திறக்கும். மின்னஞ்சல் வழி அனுமதி, அந்தக் கணக்குக்குள் நுழைந்தவருக்குத் திறக்கும். டிஆர்எம் (வீடியோவை நகலெடுக்க முடியாதபடி பூட்டும் தொழில்நுட்பம்) அதற்கும் மேலே போய்க் கருவியையே பார்க்கும்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? மூன்று மாத வகுப்பு முடிந்தபின் அனுமதி தானாக நிற்குமா, கையால் நிறுத்த வேண்டுமா, நிறுத்தவே முடியாதா? கேட்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

மாணவிக்கு எவ்வளவு சிரமம்? இரண்டு கையும் ஃப்ரேமில் இருக்கும்போது ஓடிபி கேட்டு நிற்கும் ஆப், பாடத்தையே கெடுத்துவிடும்.

கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரியுமா? அப்புறம், உங்களுக்கு ஆகும் செலவும் வேலையும். இலவசம் என்பதில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## கூகுள் டிரைவ்

சின்ன வகுப்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் "லிங்க் உள்ள எவரும்" என்ற அமைப்பில் அல்ல. பகிரும் பெட்டியில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று இருக்க வேண்டும், மாணவியின் ஜிமெயில் முகவரியைச் சேர்க்க வேண்டும், பங்கு "பார்வையாளர்" ஆக இருக்க வேண்டும். அவசரத்தில் "எடிட்டர்" கொடுத்துவிட்டால், அவரே இன்னொருவரைச் சேர்க்க முடியும். பகிரும் பெட்டியின் மேலே இருக்கும் சக்கரக் குறியைத் தட்டினால், பார்வையாளர்கள் பதிவிறக்கவோ அச்செடுக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடி செய்யலாம்.

இதன் பலம் பலர் நினைப்பது போலப் பதிவிறக்கத் தடையில் இல்லை, ஜிமெயில் கணக்கில் இருக்கிறது. ஒரு கோர்ஸ் ஆப்பின் பாஸ்வேர்டை நாத்தனாருக்குக் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. தன் சொந்த ஜிமெயில் பாஸ்வேர்டை அப்படிக் கொடுக்க மாட்டார்கள். அதில் ஃபோட்டோ, வங்கிக் கடிதம், ஃபோன் பேக்கப் எல்லாம் இருக்கிறது. அதனால் சேரும்போதே "உங்கள் ஃபோனில் இருக்கும் ஜிமெயில் முகவரி மட்டும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வகுப்புக்கென்று புதிதாகத் திறந்த முகவரி வந்தால், அது நாலு பேர் கையில் போவதற்கு வாய்ப்பு அதிகம்.

திரும்ப வாங்குவதும் இங்கே எளிது. ஒவ்வொரு கோப்பாகப் போய் ஒவ்வொரு முகவரியாக நீக்க வேண்டாம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு கூகுள் குழு தொடங்கி, அந்தக் குழுவின் முகவரிக்கு ஃபோல்டரைப் பகிருங்கள். மாணவி சேர்ந்தால் குழுவில் சேர்ப்பது, வகுப்பு முடிந்தால் குழுவிலிருந்து எடுப்பது, அவ்வளவுதான் வேலை. குழுவில் சேர உங்கள் அனுமதி வேண்டும் என்றும், உறுப்பினர் பட்டியல் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்றும் அமைப்பை மாற்றிவையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இடம்தான். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியதல்ல, ஜிமெயிலும் கூகுள் ஃபோட்டோஸும் அதிலேயே பங்கு போடுகின்றன. ஃபோனில் 1080 தரத்தில் எடுத்த வீடியோ நிமிடத்துக்கு 100 எம்பி பக்கம் வரும். இரண்டரை மணி நேரப் பாடத்தில் இடம் நிறைந்துவிடும். நிறைந்தால் உங்கள் ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதே நின்றுபோகும், புது மாணவியின் விசாரணையும் அதில் ஒன்றாக இருக்கலாம். வகுப்புக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீடியோவை 720 தரத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள். ஒரே கோப்பை ஒரே நேரத்தில் நிறையப் பேர் பார்த்தால் டிரைவ் சிறிது நேரத்துக்கு அதை நிறுத்தியும் வைக்கும்.

இன்னொரு சிக்கல் நெட். பதிவிறக்கத்தைத் தடுத்துவிட்டால், சிக்னல் இருக்கும்போது இறக்கி வைத்து இரவில் உட்கார்ந்து தைக்க முடியாது. கிராமத்து மாணவிகள் அதிகம் இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள். டிசைன் ஷீட்டுக்கோ இந்தத் தடை கூடவே கூடாது. அச்செடுக்க முடியாத டிசைன் ஷீட்டை வைத்துக்கொண்டு மாணவி என்ன செய்வார்? ஃபோன் திரையைப் படமெடுத்து, அளவு தப்பிய ஷீட்டில் துளை போடுவார். கை டிசைன் கழுத்துக்குப் பொருந்தாமல் போய், குறை உங்கள் வகுப்பின் மேல் வரும்.

## யூடியூப்: அன்லிஸ்டட், பிரைவேட்

அன்லிஸ்டட் வீடியோ தேடலில் வராது, சேனல் பக்கத்திலும் தெரியாது. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம், கூகுள் கணக்குகூட வேண்டாம். யாராவது பொதுப் பிளேலிஸ்ட் ஒன்றில் சேர்த்துவிட்டால் அங்கேயும் தெரியும். இதைப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலவச அறிமுக வகுப்பு, டெமோ, முதல் பாடம் ஆகியவற்றுக்கு இது அருமையான வழி. ஓட்டம் சீராக இருக்கும், நெட் குறைந்தால் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சேமிக்கும் இடத்துக்குக் காசு இல்லை. காசு வாங்கிக் கொடுக்கும் பாடத்துக்கு மட்டும் வேண்டாம்.

பிரைவேட் அப்படியல்ல. நீங்கள் அழைத்த மின்னஞ்சல்காரர் உள்ளே நுழைந்தால்தான் ஓடும். ஆனால் அழைப்பை ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். 30 வீடியோ இருந்தால், புதிதாக ஒருவர் சேர்ந்ததும் 30 இடத்தில் அவர் முகவரி போக வேண்டும், விலகினால் 30 இடத்திலும் எடுக்க வேண்டும். கருத்துப் பெட்டியும் கிடையாது, சந்தேகம் கேட்க வேறு இடம் தேட வேண்டும். நாலைந்து மாணவிகளும் ஏழெட்டு வீடியோக்களும் இருந்தால் சமாளிக்கலாம்.

லிங்கை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2017 ஜனவரி 1-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை, பழைய லிங்குகளின் பாதுகாப்பு போதாது என்று 2021 ஜூலையில் யூடியூப் பிரைவேட்டாக மாற்றியது. வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நோட்டில் அச்சடித்துக் கொடுத்த லிங்க்கூட ஒரே நாளில் செத்துப்போகலாம்.

## வாட்ஸ்அப் குரூப்

எல்லோர் ஃபோனிலும் இருக்கிறது, பாட்டியம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் இங்கேயே தொடங்குகிறார்கள். பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மாணவி தைத்ததைப் படமெடுத்துப் போட, "இங்க செயின் தளர்ந்திருக்கு பாருங்க" என்று நீங்கள் வட்டமிட்டுக் காட்ட, அது வாட்ஸ்அப்பில்தான் நடக்கும்.

ஆனால் பாடத்தை அங்கே போடாதீர்கள். போட்ட வீடியோ ஃபோன் நினைவகத்துக்கே போய்விடுகிறது. "எல்லோருக்கும் நீக்கு" என்று அழுத்தினாலும், வேறு இடத்தில் சேமித்துவிட்ட நகல் அவரிடமே இருக்கும். ஒரு நேரத்தில் 5 அரட்டைகளுக்குத்தான் ஃபார்வேர்டு என்ற கட்டுப்பாடு 2018-இல் இந்தியாவில் வந்தது வதந்தி பரவுவதைக் குறைக்க. உங்கள் வீடியோவைப் பரப்ப நினைப்பவருக்கு 5 அரட்டைகளே அதிகம். ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதி பாடத்துக்கு உதவாது, ஒரே முறை பார்த்து யாரும் கயிற்றுத் தையல் கற்பதில்லை. 2025-இல் வந்த மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை அமைப்பைக் குரூப்பில் இயக்கினால், அரட்டையை ஏற்றுமதி செய்வதும் மீடியா தானாக இறங்குவதும் நிற்கும். இயக்கி வையுங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சாதாரண குரூப்பில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். முப்பது பெண்களின் எண்களை, ஒருவரையொருவர் தெரியாத இடத்தில், அவர்களைக் கேட்காமலே விரித்து வைக்கிறோம். குரூப் அழைப்பு லிங்கைப் பொது இடத்தில் போட்டால் யார் உள்ளே வருவார் என்றும் தெரியாது. அப்படி வெளியே கிடந்த லிங்குகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தது 2020 பிப்ரவரியில் செய்தியானது. உங்கள் பாடத்தை யார் பார்ப்பது என்று கவலைப்படும் அளவுக்கு, உங்கள் மாணவிகளின் எண்ணை யார் பார்ப்பது என்றும் கவலைப்பட வேண்டும்.

## டெலிகிராம் தனிச் சேனல்

எண் மறைந்திருக்கும், 2 ஜிபி வரை ஒரே கோப்பாகப் போகும், இடத்துக்குக் காசு இல்லை. 2021 டிசம்பரில் வந்த "உள்ளடக்கத்தைச் சேமிப்பதைத் தடு" என்ற அமைப்பை இயக்கினால் ஃபார்வேர்டும் சேமிப்பும் நின்றுவிடும், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வராது. அழைப்பு லிங்குக்குக் காலக்கெடு வைக்கலாம், ஒருவர் உபயோகித்ததும் செத்துப்போகும்படி வைக்கலாம், அல்லது நீங்கள் ஒப்புதல் கொடுத்தபின்தான் உள்ளே வரும்படி வைக்கலாம். நூறு, இருநூறு பேர் என்று வகுப்பு வளர்ந்துவிட்டால், ஜிமெயில் பட்டியலோடு மல்லுக்கட்டுவதைவிட இது எளிது.

குறை என்னவென்றால், டெலிகிராமின் ஆப் நிரல் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றலாம். அதை மாற்றி எழுதிய ஆப்கள் சேமிப்புத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. அப்புறம், எண் மறைந்திருப்பது மாணவிக்குப் பாதுகாப்பு என்றால், உங்களுக்கு அதுவே இருட்டு. சேனலில் "ரோஸ்" என்ற பெயரில் இருப்பவர் ஃபீஸ் கட்டிய எந்த மாணவி? ஒப்புதல் கொடுக்கும்போதே பயனர் பெயரையும் சேர்க்கை எண்ணையும் நோட்டில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் வகுப்பு முடிந்தபின் யாரை நீக்குவது என்றே தெரியாது.

## டிஆர்எம் உள்ள கோர்ஸ் ஆப்

ஓடிடி படங்களைப் பாதுகாக்கும் அதே தொழில்நுட்பம்தான். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி மூன்றும் முக்கியமானவை. வீடியோ குறியாக்கம் செய்யப்பட்டு வரும், சாவி கருவிக்குத் தனியாக வரும். நன்றாகச் செயல்படும் ஃபோனில் ஸ்கிரீன் ரெக்கார்டர் போட்டால் கறுப்புத் திரைதான் பதிவாகும்.

"நன்றாகச் செயல்படும் ஃபோனில்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வைட்வைனில் எல்1, எல்3 என்று நிலைகள் உள்ளன. எல்1-இல் பாதுகாப்பு ஃபோனின் வன்பொருளிலேயே நடக்கிறது, எல்3-இல் மென்பொருளில் மட்டும். விலை குறைந்த ஃபோன்கள் சிலவும் கணினி பிரவுசர்கள் பலவும் எல்3தான். அங்கே தடை தளர்ந்துவிடும். ஒரு பிளாட்ஃபார்ம் வாங்குவதற்கு முன் உங்கள் மாணவிகளிடம் இருக்கும் மாதிரி ஒரு பழைய ஃபோனையும் ஒரு லேப்டாப்பையும் எடுத்து, டெமோ வீடியோவை நீங்களே பதிவு செய்து பாருங்கள். விற்பனைப் பிரதிநிதியின் பேச்சைவிட அது உண்மையைச் சொல்லும்.

செலவு மாதக் கட்டணத்தோடு நிற்பதில்லை. "ஓடிபி வரலை", "ஃபோன் மாத்திட்டேன், திறக்கலை" என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாணவிப் பட்டியலும் கட்டண விவரமும் அவர்களிடம் இருக்கும், விலகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களே திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி என்றால், நேற்று தொடங்கிய ஆப் நிறுவனத்தை நம்பி "வாழ்நாள் அனுமதி" என்று மாணவிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | யாரைச் சோதிக்கிறது | திரும்ப வாங்க | மாணவிக்குச் சிரமம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| டிரைவ், கட்டுப்படுத்தியது | ஜிமெயில் கணக்கை | எளிது | குறைவு | 15 ஜிபி இடம் |
| யூடியூப் அன்லிஸ்டட் | யாரையும் இல்லை | எல்லோருக்கும் சேர்த்து மூடலாம், ஒருவருக்கு மட்டும் முடியாது | இல்லை | லிங்க் பரவும் |
| யூடியூப் பிரைவேட் | கூகுள் கணக்கை | முடியும், வேலை அதிகம் | குறைவு | வீடியோவுக்கு வீடியோ அழைப்பு |
| வாட்ஸ்அப் குரூப் | சேரும்போது எண்ணை | முடியாது | இல்லை | எண்கள் வெளியே தெரியும் |
| டெலிகிராம் சேனல் | உங்கள் ஒப்புதலை | நீக்கலாம் | குறைவு | மாற்றிய ஆப்கள், பெயர் தெரியாமை |
| டிஆர்எம் ஆப் | கணக்கை, கருவியை | எளிது | அதிகம் | கட்டணம், ஆள் உதவி |

## டிசைன் ஷீட்டுக்கு வேறு கணக்கு

பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு போடலாமே என்பார்கள். ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த ஆண்டும் போடுகிறோமே, அந்த மாதிரி. அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் ஆதாரை வைத்திருப்பவருக்கு அதைப் பரப்பும் ஆசை இல்லை. டிசைன் ஷீட்டில் நிலைமை தலைகீழ். கோப்போடு பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம், ஒருமுறை திறந்தபின் பூட்டில்லாத நகலாகச் சேமிக்கவும் செய்யலாம். "அச்செடுக்கக் கூடாது" என்று பிடிஎஃப்பில் வைக்கும் தடையோ, திறக்கும் மென்பொருள் மதித்தால்தான் உண்டு.

ஷீட்டுக்கு நான் சொல்வது ஒன்றே: பதிவிறக்கத்தை அனுமதியுங்கள், அச்செடுக்க விடுங்கள், ஆனால் ஒவ்வொரு மாணவிக்கும் அவர் அடையாளம் பதித்த தனி நகல் கொடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். மாங்காய், கொடி, மயில் என்று டிசைன் ஓடும் நடுப்பகுதியின் குறுக்கே, வெளிர் சாம்பல் நிறத்தில், சாய்வாகப் போடுங்கள். துளை போடுவது டிசைன் கோட்டின் மேல் மட்டும்தான், ஆகவே அச்சில் பின்னால் மங்கலாகத் தெரியும் எழுத்து துணிக்கு வராது, வேலையைக் கெடுக்காது. அதை அழிக்க நினைப்பவர் கோடுகளையும் சேர்த்து அழித்து மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

மாணவியின் ஃபோன் எண்ணை அடையாளமாகப் போடாதீர்கள். கோப்பு திருடு போனால் அவர் எண் ஊரெல்லாம் சுற்றும், தவறு அவர் மேல் இல்லாமலும் இருக்கலாம். சேர்க்கை எண் போதும், யார் என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். அதோடு உங்கள் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65பி பிரிவு, படைப்பில் பதித்த உரிமைத் தகவலை வேண்டுமென்றே நீக்குவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் விளக்கப்படி, படைப்பின் தலைப்பு, படைப்பாளியின் பெயர், உரிமையாளர் விவரம் போன்றவைதான் உரிமைத் தகவல். பயனரை அடையாளம் காட்டும் குறி அதில் சேராது. மாணவி எண் உங்களுக்குத் துப்பு, உங்கள் பெயர் சட்டத்துக்குப் பிடி.

## சரி, யாருக்கு எது?

முப்பது நாற்பது பேருக்குள் என்றால், கூகுள் குழுவோடு கட்டுப்படுத்திய டிரைவ். வீடியோவில் பதிவிறக்கத் தடை, ஷீட்டில் அடையாளம், சந்தேகம் தீர்க்க வாட்ஸ்அப். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

நூறைத் தாண்டி, ஒரே பாடத்தையே பேட்ச் பேட்ச்சாக விற்றால், ஒப்புதல் வைத்த டெலிகிராம் சேனல். ஒரு மாத ஆப் கட்டணம் இரண்டு மாணவிகளின் ஃபீஸுக்குள் அடங்கி, பதில் சொல்ல ஆளும் இருந்தால் டிஆர்எம். அதற்கு முன் வேண்டாம்.

பாடம் முழுக்கப் பதிவு வீடியோவாக மட்டும் இருந்தால் எந்தப் பூட்டும் பாரமாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை நேரலையில் மாணவியின் தையலைப் பார்த்துத் திருத்துவது, நூல் வாங்கும்போது எந்த நூல் எண் என்று சொல்வது, முதல் பிளவுஸ் ஆர்டருக்கு விலை போட உதவுவது ஆகியவை வகுப்பில் இருந்தால், வீடியோவைத் திருடியவருக்குப் பாதிதான் கிடைத்திருக்கும். ஃபீஸை அந்தத் திருத்தலுக்காக வாங்குகிறீர்கள் என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கள்.

கசிந்தே விட்டால், அதை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேனல் முகவரி, தேதி, உங்கள் பெயர் தெரியும் பக்கம் எல்லாம் அதில் வேண்டும். பிறகு அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். யூடியூப்பில் அதற்குப் படிவம் இருக்கிறது, டெலிகிராமிலும் புகார் வழி உண்டு. ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. தில்லியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்தும் ஆசிரியை ஒருவர் தன் பாடங்கள் டெலிகிராம் சேனல்களில் பரவியதாக வழக்குத் தொடுத்தபோது, அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தரும்படி 2022 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. அந்த விவரங்கள் நீதிமன்றத்துக்குக் கொடுக்கவும் பட்டன. வழக்குக்குப் போகும் வசதி எல்லோருக்கும் இருக்காது. ஆனால் பாடம் எடுத்த தேதியோடு கூடிய மூல வீடியோவையும், கையால் வரைந்த டிசைனின் முதல் தாளையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புகார் எந்த இடத்துக்குப் போனாலும், "இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.